ஏறுவதைவிட இறங்குவதுதான் பாடு: வயதான நாய்க்கு வீட்டுக்குள் ஒரு சாய்தளம்

நாயின் பெயர் மணி. ஆண் லாப்ரடார், வயது 12. இந்த வேலையைத் தொடங்கியபோது எடை 38 கிலோ. வீடு மதுரையில் ஒரு பழைய தனி வீடு. கூடத்துத் தரை உயரமாகவும் பின்கட்டுத் தரை தாழ்வாகவும் இருக்கும். நடுவே மூன்று படிகள், ஒவ்வொன்றும் 17 செ.மீ. உயரம். பின்கட்டைத் தாண்டினால் கொல்லை. மணி ஒன்றுக்கு, இரண்டுக்குப் போவதெல்லாம் அங்கேதான். வெளியே போகும் ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று படிகளை அவன் இறங்கி ஏறியாக வேண்டும்.

அந்தப் படிகளின் மேல் ஒரு சாய்தளம் செய்து போட்டோம். என்ன அளவு, ஏன் அந்த அளவு, எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டோம், மணி அதை எப்படிப் பழகினான் என்பதை முழுதாக எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று: நாய் ஏறுவதை மனதில் வைத்துச் சாய்தளத்துக்கு அளவு போடாதீர்கள், இறங்குவதை வைத்துப் போடுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

முதலில் தெரிந்த அறிகுறிகள்

படி ஏறும்போது மணி இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்துத் தூக்கித் தாவ ஆரம்பித்தான். முன்பெல்லாம் கால் மாற்றிக் கால் வைத்து ஏறியவன். தொடைச் சதை வற்றிக்கொண்டே வந்தது. குளிப்பாட்டும்போது கையில் எலும்பு தட்டியது. பின்னங்கால் நகங்களைத் திருப்பிப் பார்த்தால், நடு இரண்டு விரல்களின் நகங்கள் மேற்பக்கம் தேய்ந்து தட்டையாக இருந்தன. பாதத்தை முழுதாகத் தூக்காமல் இழுத்து நடக்கும் நாய்க்குத்தான் நகம் அப்படித் தேயும். டைல்ஸில் அவன் நடந்து போகும்போது அந்த உரசல் சத்தம் அடுத்த அறைவரை கேட்கும்.

அப்புறம் இரவில் கூடத்திலேயே சிறுநீர் போக ஆரம்பித்தான். "வயசாயிருச்சுல்ல, அடக்க முடியல பாவம்" என்றார் அம்மா. எங்கள் எல்லோருக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஆனால் ஓர் இரவு விழித்திருந்து பார்த்ததில் விஷயம் வேறாக இருந்தது. மணி எழுந்து நேராகப் படிக்கு வந்தான். மேல் படியின் விளிம்பில் நின்று, தலையைத் தாழ்த்திக் கீழே பார்த்தான். ஒரு முன்னங்காலை வைக்கப் பார்த்து எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். அடக்க முடியாமல் இல்லை. இறங்க முடியாமல்தான் கூடத்தில் போயிருக்கிறான்.

வயதான நாய் வீட்டுக்குள் அசிங்கம் செய்கிறது என்று திட்டுகிறவர்கள், அது வெளியே போகும் வழியை ஒருமுறை அதன் உயரத்தில் குனிந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மருத்துவர் சொன்னது

எக்ஸ்ரேயில் இரண்டு இடுப்பு மூட்டுகளிலும் தேய்மானம் தெரிந்தது. இடுப்பெலும்பின் கிண்ணத்தில் தொடை எலும்பின் தலை இறுக்கமாகப் பொருந்தாமல் தளர்வாக இருக்கும் கோளாறு லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் பரம்பரையாக வருவது. இளவயதில் தெரியாமல் இருந்துவிட்டு, வயதாகும்போது மூட்டழற்சியாக முற்றும். இதோடு இடது முழங்கை மூட்டிலும் தேய்மானம் இருந்தது. சாய்தளத்தின் கணக்கை மாற்றியது இந்த முழங்கைதான்.

நாய் சும்மா நிற்கும்போதே அதன் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. 38 கிலோ மணிக்கு அது 23 கிலோ அளவு. படி இறங்கும்போது உடல் முன்னால் சாய்வதால் சுமை இன்னும் முன்பக்கம் போகும். ஒவ்வொரு படியிலும் முன்னங்கால்கள் அதை அடி வாங்குவது போலத் தாங்க வேண்டும். ஏறுவதற்குப் பின்னங்கால் தெம்பு வேண்டும். இறங்குவதற்கு முன்னங்கால் மூட்டும் வேண்டும், பின்னங்கால் பிடிப்பும் வேண்டும், கூடவே தைரியமும் வேண்டும். மணிக்கு மூன்றுமே குறைவாக இருந்தன.

வலிக்கு மருந்து, எடைக் குறைப்பு, படியும் தாவலும் கூடாது: மருத்துவர் சொன்னது இவ்வளவுதான். மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று மனிதர்களுக்கான வலி மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபன் நாய்க்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான். நாய்களுக்கென்று கார்ப்ரோஃபன், மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவற்றையும் எடை பார்த்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, கால்நடை மருத்துவர்தான் எழுத வேண்டும். உள்ளூரில் வசதி இல்லாதவர்கள் வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் சிகிச்சைப் பிரிவுகளுக்குப் போகலாம்.

எடை விஷயத்தில் லாப்ரடார் வளர்ப்பவர்கள் இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகத் தீனி கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகத்தான் வந்தது. இன்னொன்று 2016இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. லாப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். சாப்பிட்ட பிறகும் தட்டைப் பார்த்தபடி நிற்கும் லாப்ரடாரை நம்பி இன்னொரு இட்லி போடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. மணிக்கு மிச்ச சோறும் பிஸ்கட்டும் நின்றன. இப்போது எடை 34.

சரிவின் கணக்கு

மூன்று படிகள் சேர்ந்து மொத்த உயரம் 51 செ.மீ. இந்த உயரத்துக்கு எவ்வளவு நீளமான பலகை போடுகிறோம் என்பதில்தான் சரிவு முடிவாகிறது. காரில் ஏற்றுவதற்கென்று கடைகளில் விற்கும் மடக்குப் பலகைகள் பெரும்பாலும் செங்குத்தாக நிற்கின்றன. 25 டிகிரி சரிவுக்கு 121 செ.மீ. பலகை போதும், 18 டிகிரிக்கு 165 செ.மீ. வேண்டும். தெம்பான நாய் இரண்டிலும் ஓடிவிடும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்குச் சொல்லும் விகிதம் 12க்கு 1. அதன்படி போனால் எங்களுக்குக் கிடைமட்டமாக 6 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். பின்கட்டின் மொத்த ஆழமே, கடைசிப் படியிலிருந்து எதிர்ச்சுவர் வரை, 320 செ.மீ.தான்.

பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி. அந்த 8 அடியை, அதாவது 244 செ.மீ.யை, வெட்டாமல் முழு நீளத்துக்குப் போட்டால் சரிவு 12 டிகிரி வருகிறது. கடைசிப் படியைத் தாண்டி 189 செ.மீ. தரையை அது பிடிக்கும், எதிர்ச்சுவருக்கு 131 செ.மீ. மிச்சம். மணி இறங்கி நிமிர்ந்து கொல்லைப் பக்கம் திரும்புவதற்கு அந்த இடம் தாராளம். முடிவாக 12 டிகிரி. இதே வேலையைச் செய்ய நினைக்கிறவர்கள், இடம் இருக்கும் வரை பலகையை நீட்டுங்கள் என்பேன். கீழே நாய் திரும்ப ஒரு மீட்டருக்குக் குறையாமல் விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றையும் சரிவுக்குக் கொடுங்கள்.

அகலத்துக்கு ஷீட்டை நெடுக்காக இரண்டாகப் பிளந்தோம். ஒரு பாதி, 2 அடி, பலகை. மறு பாதியில் தாங்கு பெட்டிகள். படியின் அகலம் நாலரை அடி என்பதால் மனிதர்கள் இறங்க இரண்டரை அடி தனியாக இருக்கிறது. இதில் அம்மாவுக்குத்தான் கவலை இருந்தது. சாய்தளத்தைச் சுவர்ப் பக்கம் ஒட்டிப் போட்டு, படிக்குப் பக்கத்தில் இருந்த கைப்பிடியை அவருக்கே விட்டதும் சரியாகிவிட்டது.

செய்த விதம்

தண்ணீர் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரக பிளைவுட் வாங்கினோம். சாதாரண கமர்ஷியல் பிளைவுட் விலை குறைவு. ஆனால் வயதான நாய் சிறுநீர் சிந்தும், ஈரக் காலோடு வரும், வாராவாரம் துடைக்க வேண்டியிருக்கும். கனம் 12 மி.மீ. 19 மி.மீ. போட்டால் பலகை மட்டுமே 18 கிலோ வரும். தரை துடைக்க ஒரு ஆள் தூக்கி வைக்க முடியாது. 12 மி.மீ. வெறும் பலகையாக இருந்தால் நடுவில் அமுங்கும். காலடியில் பலகை அமுங்குவதை நாய் உடனே உணர்ந்து நின்றுவிடும். அதனால் அடியில் நெடுக்காக மூன்று ரீப்பர் கட்டைகள், இரண்டு ஓரத்திலும் நடுவிலும், குத்துவாக்கில் வைத்து ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கினோம். ஸ்க்ரூ தலைகள் எல்லாம் பலகைக்குள் இறங்கியிருக்க வேண்டும். அதன் மேல் ரப்பர் வந்தாலும் விரல் பட்டால் தெரியும்.

தாங்குவதற்கு மூன்று பெட்டிகள். பலகையின் நீளத்தை மூன்றாகப் பிரித்தால், கீழிருந்து முதல் பங்கில் பலகையின் மேல்மட்டம் 17 செ.மீ., இரண்டாவதில் 34. இந்த இரண்டு இடத்திலும் தரையிலிருந்து ஒவ்வொரு பெட்டி. மேல் முனைக்கு, மேலே இருக்கும் முதல் படியின் மீது ஒரு சின்னப் பெட்டி. அந்தச் சின்னப் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் ஒரே உயரம் வருகிறது என்பதை ஆசாரி அண்ணன் பென்சிலால் சுவரில் கோடு போட்டே கண்டுபிடித்துவிட்டார். எங்கள் காகிதக் கணக்கும் அதைத்தான் சொன்னது. பெட்டிகளின் தலையை 12 டிகிரி சாய்வாகச் சீவினார். மேல் முனை கூடத்துத் தரையோடு ஒரே மட்டமாக உட்கார வேண்டும், இடைவெளி கூடாது. கீழ் முனையில் ரீப்பர்களை இழைப்புளியால் ஒன்றுமில்லாமல் சீவி, பலகை விளிம்பையும் சாய்த்து, தரையோடு படிய வைத்தார். அந்த இடத்தில் ஒரு விரற்கடை தூக்கினாலும் கால் இழுக்கும் நாய் தடுக்கும்.

சுவரில் ஒரு எல் வடிவக் கொக்கி அடித்து, பலகையை அதில் மாட்டினோம், கீழே நகராமல் இருக்க. பெட்டிகளுக்கு அடியில் ரப்பர் புஷ் போட்டோம். மரம் தரையில் நேராகப் படாததால் கரையானைச் சுலபமாகக் கண்காணிக்கலாம்.

குறுக்குக் கட்டை அடிப்பதா வேண்டாமா என்று ஒரு பேச்சு வந்தது.

"தம்பி, சாரத்துல சித்தாளுக்குப் போடுற மாதிரி குறுக்கால கட்டை அடிச்சிருவோம். கால் வழுக்காது" என்றார் ஆசாரி அண்ணன்.

"இவன் பின்னங்கால இழுத்துத்தானே நடக்கிறான், அண்ணே. கட்டை இருந்தா விரல் தட்டும்."

அவர் மணியைக் கொஞ்சம் நடக்கவிட்டுப் பார்த்தார். நகத்தையும் குனிந்து பார்த்தார். "சரிதான்" என்று கட்டையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். குறுக்குக் கட்டை, காலைத் தூக்கி வைக்கும் நாய்க்கு உதவும். இழுத்து வைக்கும் நாய்க்கு அதுவே மூன்று படிக்குப் பதில் முப்பது படி.

மேற்பரப்புக்கு நாலைந்து துணிகள், பாய்களைத் தரையில் விரித்து மணியை நடக்கவிட்டே பார்த்தோம். தேங்காய்நார் பாயில் பிடிப்பு நன்றாக இருந்தது, ஆனால் நகம் மாட்டியது, நனைந்தால் நாறும். பிளாஸ்டிக் புல் விரிப்பு எடைக்குக் கீழே நகர்ந்தது. உப்புத்தாள் போன்ற வழுக்காத டேப்பை விரலால் தேய்த்துப் பார்த்தாலே புரிந்தது, புறங்கால் உரசும் நாய்க்கு அது தோலை எடுத்துவிடும் என்று. கடைசியில் மெல்லிய வரி போட்ட கறுப்பு ரப்பர் மேட். வரிகள் நடைக்குக் குறுக்காக வரும்படி ஒட்டினோம். இதில் மணி கால் வைத்த விதத்தை உட்கார்ந்து பார்த்தேன்: டைல்ஸில் விரல்களை மடக்கி நகத்தால் பற்றப் பார்ப்பவன், ரப்பரில் விரல்களை விரித்து உள்ளங்காலை முழுதாகப் பதித்தான். மேட்டின் ஓரங்களைப் பலகைக்கு அடியில் மடித்து ஆணி அடித்தோம். புது ரப்பர் வாசனை மனிதர்களுக்கே தாங்காது, நாய்க்குச் சொல்லவே வேண்டாம். ஒட்டுவதற்கு முன் மொட்டைமாடியில் வாசனை போகும் வரை காயப்போட்டோம்.

சுவர் இல்லாத பக்கம் 10 செ.மீ. உயரத்துக்கு ஓரக்கட்டை. அதன் மேலும், பலகை தொடங்கும் முடியும் இடங்களிலும் மஞ்சள் டேப். நாய்க்கு நன்றாகப் பிரித்துத் தெரியும் நிறங்கள் நீலமும் மஞ்சளும்தான். சிவப்பும் பச்சையும் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோல மங்கலாகத் தெரியும். வயதான நாயின் கண்ணில் வரும் அந்த நீலச் சாம்பல் மங்கலோடு, இரவில் கறுப்புப் பலகையின் விளிம்பைக் கண்டுபிடிப்பது சிரமம். சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன இரவு விளக்கும் வைத்தோம்.

செலவு, ஆசாரி கூலியையும் சேர்த்து, ஐயாயிரத்தை ஒட்டி வந்தது.

பழக்கியது

முதலில் பெட்டிகள் இல்லாமல் பலகையைக் கூடத்தில் தட்டையாகப் போட்டு, அதன் மேல் மணிக்குச் சாப்பாடு வைத்தோம். அதில் படுக்கவும் ஆரம்பித்தபின் ஒரு முனையை மட்டும் ஒரு படி உயரத்துக்குத் தூக்கினோம். அது சலித்த பிறகுதான் முழு உயரம். வேகவைத்த கோழித் துண்டுகள்தான் கூலி. கழுத்துப்பட்டையைப் பிடித்து ஒரு தடவைகூட இழுக்கவில்லை. மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போட்டு, அடிவயிற்றுக்குக் கீழே ஒரு பழைய துண்டைக் கொடுத்து இரு முனையையும் பிடித்துக்கொண்டோம். தூக்குவதற்கு இல்லை, விழ மாட்டாய் என்று அவனுக்குத் தெரிவதற்கு. வலி மருந்து வேலை செய்துகொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் பயிற்சி. வலியோடு ஏறிய பலகையை நாய் வலியோடுதான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஏறுவது சுலபமாக வந்துவிட்டது. இறங்க மறுத்தான். மேல் முனையில் வந்து நிற்பான், முன்னங்கால் இரண்டையும் பலகையில் வைப்பான், பின்னங்கால் வராது. முனகிக்கொண்டு பின்வாங்குவான். கோழியைக் காட்டினாலும் இதே கதை.

பின்னால் உட்கார்ந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. முன்னங்கால் ரப்பரில் இறங்கும் அந்த நொடியில், பின்னங்கால் கூடத்து டைல்ஸில் நிற்கிறது. உடல் முன்னால் சாயும்போது பின்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வழுக்கி விரிந்தன. இடுப்பு மூட்டு தளர்ந்த நாய்க்கு அந்த விரிவுதான் பெரிய வலி. பலகையில் எந்தக் குறையும் இல்லை. அவன் பயந்தது பலகைக்கு முந்தைய தரையைப் பார்த்து.

அதே ரப்பர் மேட்டைக் கூடத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒரு பாதையாக விரித்தோம், கீழேயும் திரும்பும் இடத்தில் போட்டோம். பாதத்தின் அடியில் விரல்களுக்கு நடுவே வளர்ந்து தொங்கிய முடியை வெட்டினோம். லாப்ரடாருக்கும் அங்கே முடி வளரும், அது உள்ளங்காலை மூடிவிட்டால் எந்தத் தரையிலும் பிடிப்பு இருக்காது. நகத்தையும் குறைத்தோம். மணி அன்றைக்கே மெதுவாக இறங்கினான், நான் மார்புக்கு முன்னால் கையை வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தேன். நடுவில் ஒரு தடவை நின்று, ஓரக்கட்டையை மோந்து பார்த்துவிட்டு, மிச்சத்தையும் இறங்கினான். அம்மா சமையலை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது

கூடத்தில் சிறுநீர் போவது நின்றுவிட்டது. இரவில் தானாக எழுந்து, தானாக இறங்கி, கொல்லைக் கதவை மூக்கால் தட்டுகிறான். தொடைச் சதை மேலும் வற்றாமல் இருக்கிறது; அதில் எடைக்கும் மருந்துக்கும் பங்கு உண்டு, பலகைக்கு மட்டும் பெருமை கொடுக்க முடியாது. மூட்டுத் தேய்மானத்தைச் சாய்தளம் சரிசெய்யாது. மொட்டைமாடிப் படி மணிக்கு இனி இல்லை என்பதையும் ஏற்றுக்கொண்டோம், அங்கே ஒரு சின்னக் கதவு போட்டாயிற்று.

டேஷ்ஹண்ட், பக் போன்ற சின்ன நாய்கள் வைத்திருப்பவர்கள் கட்டிலுக்கும் சோபாவுக்கும் இதே கணக்கைப் பயன்படுத்தலாம். டேஷ்ஹண்டுக்கு மூட்டைவிட முதுகெலும்பு வட்டுதான் ஆபத்து. கட்டிலிலிருந்து குதிக்கும்போது வட்டு பிதுங்கி நரம்பை அழுத்தினால் பின்னங்கால் இரண்டும் செயலற்றுப் போகலாம். அவற்றுக்கு வயதாகும் வரை காத்திருக்க வேண்டாம், குட்டியிலேயே பழக்கிவிடலாம். 60 செ.மீ. உயரக் கட்டிலுக்கு 18 டிகிரி சரிவென்றால் பலகை 194 செ.மீ. நீளம் வரும். பெரும்பாலான கட்டில்களின் நீளவாக்கிலேயே அதை ஒட்டிப் போட்டுவிடலாம், அறையில் அதிக இடம் பிடிக்காது.

எங்கள் பலகையில் இதுவரை தேய்ந்திருப்பது ஒரே இடம்தான்: கீழ் முனையில், மணி கொல்லைப் பக்கம் திரும்பும் வளைவில், ரப்பரின் வரிகள் மழுங்கிவிட்டன. அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்து மாற்றப்போகிறோம். மழைக்காலத்துக்கு முன் பெட்டிகளைத் தூக்கிக் கரையான் பார்ப்பது, ஸ்க்ரூக்களை ஒருமுறை முறுக்குவது, மஞ்சள் டேப் உரிந்திருந்தால் புதிதாக ஒட்டுவது ஆகியவையும் அன்றைக்கே.